பதினேழாம் குப்பி

இட்டாஜாயி துறைமுகத்துக்குப் புதன்கிழமைகளில்
ஜுசாரா மீன் வாங்கப் போவாள்,
நகராட்சிப் பணத்தில்.
பேரம் பேசமாட்டாள். ரசீது கேட்பாள்.
அதை வைத்தே அவள் யாரென்று கண்டுபிடித்திருக்கலாம்;
இதுவரை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

லோரிவால் கடையில்
தோல் உரித்து முள் நீக்கித் தலை எடுத்து
பனிக்கட்டிமேல் அடுக்கிய வெள்ளைத் துண்டுகள்.
தலை இருந்தால் மீனே சொல்லிவிடும்.
செதில் சொல்லும், செவுள் சொல்லும்,
ஒரே பக்கம் ஒதுங்கிய இரண்டு கண்கள் சொல்லும்
நான் நாக்குமீன் என்று.
தலை போன பிறகு
பலகையில் சாக்குக்கட்டி எழுதியதுதான் பெயர்.
'லிங்குவாதோ' என்றிருந்தது.
அவர்கள் மொழியிலும் அது நாக்கிலிருந்து பிறந்த சொல்.
நாக்குதானே, புரளும்.

அரிசி அளவு போதும்.
கிடுக்கியால் கிள்ளி, ஆல்கஹாலில் போட்டு,
மூடியில் எண் எழுதி முடித்தால்
மிச்ச அரைக்கிலோ உறைபெட்டிக்குப் போகும், சாட்சியாக.

நமக்கு இருநூற்று நாற்பத்தேழு எழுத்து.
உடம்புக்கு நான்கு.
அந்த நான்கை மாற்றி மாற்றிப் போட்டு
சூரையை எழுதியிருக்கிறது, சுறாவை எழுதியிருக்கிறது,
அவற்றைத் தின்கிற நம்மையும்.
ஏறக்குறைய அறுநூற்றைம்பது எழுத்து படித்தால்
யாரென்று தெரிந்துவிடும்.
பூண்டு தடவினாலும் எலுமிச்சை பிழிந்தாலும்
அழியாத கையெழுத்து.

நான்காம் குப்பி:
லிங்குவாதோ விலைக்கு மீகாங் ஆற்றுக் கெளுத்தி.
ஒன்பதாம் குப்பி: சொன்ன பெயரே.
நம்ப முடியாமல்
அதைத்தான் மூன்று முறை சோதித்தாள்.

பதினொன்று ஒரு பள்ளிக்கூடச் சமையலறையிலிருந்து வந்தது.
பட்டியலில் 'கசாவோ'.
கசாவோ என்றால் சுறா;
தட்டோடு நிற்கிற எத்தனை பேருக்கு அது தெரியும்?
முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறோம்.
இங்கே முழுச் சுறாவை
மூன்றெழுத்தில் மறைத்துவிட்டார்கள்.
சுறா வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டால்
கரைக்கு ஓடுவேன் என்பார்கள்,
இன்னொரு துண்டு கேட்டு வாங்கிய பிள்ளைகள்.

பதினேழுக்குத் திரை சொன்ன விடை:
ஹோமோ சேப்பியன்ஸ்.

ஆய்வுக்கூடம் சிரித்தது.
எவால்டோ நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து
'கிலோ என்ன விலை?' என்றான்.
கையுறை கிழிந்திருக்கலாம்.
மூடி திறந்திருந்தபோது தும்மியிருக்கலாம்.
லிங்குவாதோ என்று விற்றது ஜுசாராவை.

சிரிப்பு அடங்கி விளக்குகளும் அணைந்த பிறகு
அவள் மட்டும் எழுந்திருக்கவில்லை.
இந்தச் சோதனை படிப்பது தாய்வழி எழுத்தை மட்டும்.
மீனுக்கும் அப்படித்தான்,
அப்பன் எந்தக் கடல் என்று அது கேட்பதில்லை.
அவளுடைய பிறப்புச் சான்றிதழிலும்
தந்தை பெயருக்கு நேரே
எழுத்தர் அளவுகோல் வைத்து இழுத்த ஒரு கோடுதான்.
அப்படியானால்
திரையில் இருப்பது நாயிர்.
மத்தி டப்பா ஆலையில் இருபத்திரண்டு வருடம்
தலை வெட்டியவள்.
வாடை போகக் காப்பித்தூளில் கை தேய்த்தவள்,
போகவில்லை என்று தெரிந்தும்.
போன ஆகஸ்டில் புதைத்தோம்.
இதோ, எழுத்துப் பிசகாமல்.

தவறான முடிவை அழித்துவிட வேண்டும், விதி.
அழிக்குமுன் வாய்விட்டுப் படித்தாள்,
முதல் எழுத்திலிருந்து.
இருநூறு தாண்டியதும் வரி தவறியது;
திரும்ப ஆரம்பித்தாள்.

வெள்ளிக்கிழமை மறுசோதனையில் பதினேழும் கெளுத்திதான்.
அபராதத்தோடு போன அதிகாரிகளிடம்
லோரிவால் உறைபனி ஒட்டிய ஒரு பெட்டியைக் காட்டினான்.
'பெயர் நான் வைக்கலையே.'
பெட்டியில் அச்சு அழகாகத்தான் இருந்தது.
அவன் சொன்னதைக் கிள்ளிப் போட
அவர்களிடம் குப்பி இல்லை.

அடுத்த வாரம் அவளைத் தொலைவிலேயே கண்டுகொண்டான்.
ஒன்றும் பேசாமல்
கல்லுக்கு அடியிலிருந்து ஒரு மீனை எடுத்து வைத்தான்,
தலையோடு.
இரண்டு கண்களும் ஒரே பக்கமாக
அவளையே பார்த்தன.

அன்று சனிக்கிழமை.
ரசீது வேண்டாம் என்றாள்.
பேரம் பேச ஆரம்பித்தாள்.